இன்குபேட்டர் கதவில் குங்குமம்

செப்டம்பர் 26, 2025

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். லேபில் செல்களைப் பார்த்தேன். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள். தட்டில் வளர வளர அவற்றுக்கும் வயதாகும். கிழடு தட்டியவை சாயத்தில் நீலமாகத் தெரியும். தட்டுகளை ஒரே சூட்டில் வைத்திருக்கும் பழைய இன்குபேட்டரில், சாதாரணக் காற்றில், பாதிக்குப் பாதி நீலம். ஆக்சிஜன் குறைத்த புது இன்குபேட்டரில் அங்கொன்று இங்கொன்று. ஆக்சிஜன் குறைந்தால் இளமை நீடிக்கும் - மூன்று வருட ஆராய்ச்சி இந்த ஒரு வரிதான். டிசம்பரில் தீசிஸ் கொடுத்துவிட்டால் சென்னையில் வேலை.

செப்டம்பர் 30

லேபில் ஆயுத பூஜை. செல்களைப் புதுத் தட்டுகளில் பிரித்து இரண்டு இன்குபேட்டரிலும் வைத்தேன். சகாயராஜ் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் பொட்டு வைப்பதில் எங்களில் அவன்தான் கெட்டிக்காரன். கதவு இடுக்கின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தான். "யாரும் தொறக்காதீங்க, கலைஞ்சிடும்." ஞாயிறுவரை லீவு.

அக்டோபர் 6

பொட்டு இரண்டு கதவிலும் அப்படியே இருக்கிறது. பழையதில் இருந்த தட்டிலும் நீலம் அதிகமில்லை. சாயம் கெட்டுவிட்டதோ? புதிதாகக் கரைத்துப் போட்டேன். அதேதான்.

அக்டோபர் 7

பழைய இன்குபேட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வருகிறவர், போகிறவர் எல்லாம் திறக்கிறார்கள். டீக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. திறக்கும்போதெல்லாம் உள்ளே சூடு இறங்குகிறது; செல்களுக்கு அது ஆகாது. புதியதைத் திறப்பது நான் மட்டும், அதுவும் எப்போதாவது.

அய்யோ - மூணு வருஷமா நான் எதைத்தான் அளந்தேன்? ஆக்சிஜனையா, கதவையா?

அக்டோபர் 9

கைடு வசந்தா மேடத்திடம் சொன்னேன்.

"யாரும் கேக்கப் போறதில்ல யுவராணி. குடுத்துடு, பின்னாடி பாத்துக்கலாம்."

"எனக்குத் தெரியுமே மேடம்."

"அப்ப அந்த வேலை போயிடும்" என்றார்.

ஸ்டோரில் கிடந்த சின்ன இன்குபேட்டரைச் சகாயராஜும் நானும் தூக்கி வந்து செல்களை வைத்தோம். உள்ளே சாதாரணக் காற்று. என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது.

நவம்பர் 18

மழை. உப்பளத்தில் வேலை இல்லாததால் அம்மா வீட்டில்.

"தெருவுல கேக்கறாங்க, எப்ப டாக்டர் ஆவறேன்னு."

"லேட்டாவும்மா. தப்பா பண்ணிட்டேன்."

அம்மா உலை வைக்க எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 22

சென்னை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பழைய இன்குபேட்டர் கதவைச் சரியாக மூடாமல் போன ஒருவரிடம் கத்திவிட்டேன்.

பிப்ரவரி 12, 2026

உப்பளத்தில் மறுபடி பாத்தி மிதித்துத் தரையை இறுக்குகிறார்கள். அம்மா விடியலிலேயே போய்விட்டார்.

சின்ன இன்குபேட்டர் தட்டுக்குச் சாயம் போட்டேன். இத்தனை தடவை பிரித்து வளர்த்தும் நீலத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

சகாயராஜ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். "ஆக்சிஜனைக் கொறைக்கவே இல்ல. அப்பவும் சூப்பரா இருக்குதே."

ஆமாம். என் தீசிஸ் தப்பு என்று சொல்லும் செல்கள். கொழுகொழுவென்று இருக்கின்றன. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறது எனக்கு.