பணிநீக்கம் ஆனவரின் படிகார அட்டவணையை மீண்டும் மாட்டக் கோரி, அவர் மீது புகார் கொடுத்தவளின் மனு

அனுப்புநர்:
நீர்ச் சோதனை உதவியாளர்,
இரண்டாம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வாரியத் தலைமை அலுவலகம்.

பொருள்: படிகாரம் கலக்கும் அறைச் சுவரிலிருந்து அளவு அட்டவணையை அகற்றியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எல்லாரும் "சயின்டிஸ்ட்" என்றே அழைத்த எங்கள் முன்னாள் தலைமை வேதியியலாளர் மீது சென்ற ஆண்டு புகார் கொடுத்தவள் நான்தான். அவருடைய ஆசைக்கு இணங்கவில்லை என்பதற்காக, பதிவேட்டில் பொய் அளவு எழுதுகிறேன் என்று பழி போட்டு என்னை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார். விசாரணையில் அவருடைய பொய் வெளிப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.

2. அவர் பெயர் உள்ள எதுவும் நிலையத்தில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெயர்ப்பலகை போனது, சரி. அட்டவணையையும் கழற்றிவிட்டார்கள். ஆற்றுநீர் எவ்வளவு கலங்கல், எவ்வளவு குளிர்ச்சி, அதற்கு எவ்வளவு படிகாரம் என்று ஒன்பது ஆண்டு அளந்து அவர் போட்டது அது. இப்போது தங்கள் உத்தரவுப்படி வெயிலுக்கும் மழைக்கும் ஒரே அளவுதான்.

3. மழை தொடங்கியதும் தொட்டியில் கலங்கல் அடங்கவில்லை. படிகாரம் கலக்கும் அண்ணன், "ஏம்மா, அந்த ஆளு கெட்டவன்தான். அவன் கணக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லீவுக்காக உயிரோட இருக்கிற அம்மாவையே ரெண்டு தடவை சாகடிச்ச மனுஷன். கணக்குல மட்டும் உண்மை பேசியிருப்பாரா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, எனக்கே விடை தெரியவில்லை.

4. ஆகையால் நானே சோதித்தேன். ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுநீர் எடுத்து, ஆறு அளவில் படிகாரம் போட்டுக் கலக்கி, எது முதலில் தெளிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருபது நாள் பார்த்தேன். பத்தொன்பது நாள் அவர் சொன்ன அளவுதான் சரியாக வந்தது. ஒரு நாள் தப்பியது. அன்று என் மனம் குளிர்ந்ததை மறைக்கவில்லை. பிறகு பார்த்தால், அந்தக் குவளையில் நான்தான் கரைசலை இருமுறை ஊற்றியிருக்கிறேன். வயிற்றெரிச்சலில் உட்கார்ந்து அழுதேன்.

5. என்னிடம் அத்தனை பொய் சொன்ன மனிதர் தண்ணீரிடம் மட்டும் எப்படி ஒழுங்காக நடந்துகொண்டார் என்று எனக்குப் பிடிபடவில்லை. "அந்தப் பேப்பரைத் தொட்டே, நீ பட்டதெல்லாம் வீணாப் போயிடும். அவன் வக்கீல் சும்மா விடுவானா?" என்கிறார் என் கணவர். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இதற்கிடையே பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அக்கா, பாப்பாவுக்கு வயித்தால நிக்கவே இல்ல, தண்ணி நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாள். காரணம் தண்ணீர்தானா என்று நான் அறியேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6. அந்தக் குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த நாள் முதல், பதினொரு நாளாக, அவருடைய அட்டவணைப்படிதான் படிகாரம் போடச் சொல்கிறேன். எண்கள் எனக்கு மனப்பாடம். தொட்டி தெளிந்துவிட்டது. பதிவேட்டில் மட்டும் தங்கள் உத்தரவிலுள்ள அளவை எழுதுகிறேன். அதாவது, அன்று அவர் என் மேல் பொய்யாகச் சுமத்திய குற்றத்தை இன்று நிஜமாகவே செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே, அட்டவணையை அவர் பெயரோடேயே மறுபடி மாட்ட உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயரை அழித்துவிட்டு மாட்டினால் அதுவும் ஒரு பொய்தான். என் பழைய புகாரில் ஓர் எழுத்தைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. என் மீது நடவடிக்கை எடுப்பதானாலும் எடுங்கள், இம்முறை சாட்சி தேட வேண்டியிராது. நாளைக் காலை ஏழு மணிக்குப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அதில் எந்த எண்ணை எழுதுவது என்பதை மட்டும் அதற்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள், ஐயா.

நாள்: அக்டோபர் 18
இடம்: சோதனைக்கூடம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
நீர்ச் சோதனை உதவியாளர்