மைனரின் தட்டில் யார் கை வைப்பது

மார்ச் 4, செவ்வாய்

பார்லர் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன் நாய் இன்னைக்கு என் மெத்தையில ஏறிச் சொறிஞ்சிருக்கு. நாத்தம் தாங்கல" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். மாமியார் சொல்கிறார் என்பதற்காகப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மைனரின் காதிலிருந்து புளித்த வாடை வருகிறது. வயிற்றுப் பக்கம் முடி கொட்டித் தோல் சிவந்து கிடக்கிறது. நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பாதத்தை நக்குகிறான். நான்கு வயதுதான் ஆகிறது. பார்த்தால் பென்ஷன் வாங்குகிற ஆள் மாதிரி இருக்கிறான்.

அதைவிடப் பெரிய செய்தியை என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தம்பி கேட்டானாம். குடோனுக்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டுமாம். மே மாதம் முதல் ஞாயிறு வண்டியோடு வருவானாம். இவரும் சரி என்று சொல்லிவிட்டாராம்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

"அம்மாவுக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம். அங்க இடம் பெருசா இருக்கு."

அந்தக் குடோனை நான் பார்த்திருக்கிறேன். இரும்புக் கதவோடு சேர்த்து ஒரு சங்கிலி மாட்டி வைத்திருக்கிறார் கொழுந்தனார். அந்தச் சங்கிலியின் நீளத்துக்கு மேல் அங்கே எந்த நாய்க்கும் இடம் கிடையாது. போன நாய் என்ன ஆனது என்று கேட்டால் "அது போயிருச்சு அண்ணி" என்பார், பல்பு போன மாதிரி.

நான் விடப்போவதில்லை. எழுதி வைக்கிறேன். விடப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

லீவு போட்டுவிட்டு மைனரைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. காதுக்குள் பார்த்தார், பாதத்தை விரித்துப் பார்த்தார், முடியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "என்ன சாப்பாடு போடறீங்க?"

கடையில் இருப்பதிலேயே மலிவான மூட்டை. அதோடு நாங்கள் தின்று மீந்தது. சொல்லும்போதே எனக்கு முகம் சுருங்கியது.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்றார். இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு வகை, எட்டு வாரம், அதைத் தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது. "வேற எதுவும்னா எதுவுமே. ஒரு பருக்கை போனாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." காதுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்.

எட்டு வாரம் என்றால் கொழுந்தனார் வரும் நாளுக்குச் சரியாக வருகிறது. இவரிடம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சரியாகலைன்னா அப்புறம் பேசலாம்." தலையாட்டினார். இவர் தலை எல்லாப் பக்கமும் ஆடும் தலை. தம்பியிடமும் ஆடும், என்னிடமும் ஆடும்.

மார்ச் 8, சனி

செல்லப்பிராணிக் கடை. ஒரு சுவர் முழுக்க மூட்டைகள். ஒவ்வொன்றின் முன்பக்கமும் சினிமா போஸ்டர்தான் — சூரிய உதயம், மலை, பல் தெரியச் சிரிக்கும் நாய். நான் எல்லாவற்றையும் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பதினைந்து வருஷமாக ஷாம்பு பாட்டிலோடு குடும்பம் நடத்துகிறேன். முன்பக்கம் பெரிய பாதாம் படம் இருக்கும். பின்பக்கம் பாதாம் எங்கே என்று தேடினால் கடைசி வரியில், வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். மூட்டைக்கும் அதே கணக்குதான்.

ஒன்றில் முதல் பொருள் மக்காச்சோளம். இன்னொன்றில் "இறைச்சியும் இறைச்சி சார்ந்தவையும்". எந்த இறைச்சி? சார்ந்தவை என்றால் என்ன, சொந்தக்காரர்களா? மூன்றாவதில் "மீன் சுவையுடன்" என்று இருந்தது. சுவை இருக்கிறது, மீனைக் காணோம்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், இத எடுத்துக்கங்க. இதுதான் நல்லா போகுது." சிவப்பும் பச்சையுமாக உருண்டைகள்.

"நாய்க்கு எதுக்குங்க கலர்?"

"நாய்க்கு இல்ல மேடம், வாங்கறவங்களுக்கு."

உண்மையைச் சொல்லிவிட்ட மனிதரிடம் கோபப்பட முடியவில்லை. கடைசியில் கீழ்த்தட்டில், அழுது வடியும் ஒரு சாம்பல் நிற மூட்டை. முதல் பொருள் மீன், அதுவும் என்ன மீன் என்று பெயரோடு. அடுத்தது உருளைக்கிழங்கு. கோழி இல்லை, மாடு இல்லை, பால் இல்லை, கோதுமை இல்லை, சாயம் இல்லை. விலையைக் கேட்டதும் என் கைப்பை தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சட்டம் போட்டேன். அவன் தட்டில் என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. யாரும் சாப்பாடு கொடுக்கக் கூடாது. மகள் கல்லூரியில் செய்கிற மாதிரி கை தூக்கி "எஸ் மேடம்" என்றாள். அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இவர் மூட்டையின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா சாப்பிடுது" என்றார்.

"நீங்களும் உடம்பைச் சொறிஞ்சுக்கிட்டு கட்டிலுக்கு அடியில படுங்க. உங்களுக்கும் வாங்கித் தரேன்."

திடீரென்று மாற்றினால் வயிறு கெடுமாம். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இந்த வாரத்துக்குள் முழுதாக மாற்ற வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

முழுத் தட்டும் மீன்தான் இன்றிலிருந்து. நக்கியே தட்டைக் கழுவி வைத்துவிட்டான்.

மார்ச் 28, வெள்ளி

பார்லரில் பெரிய பேச்சு. கலர் போட உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நாய்க்கு வந்த வாழ்வைப் பாரு! ஊர்ல எத்தனை பேர் பட்டினி கிடக்கான்" என்றார். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

நான் சொன்னேன்: "ஆமாங்க. இந்தக் கலருக்குக் கொடுக்கிற காசுலயும் பத்துப் பேர் சாப்பிடலாம். கழுவி விட்டுரட்டுமா?"

ஓனரம்மா உள்ளே கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டிக்கட்டும். ஊரில் பட்டினி கிடப்பவர்கள் ஞாபகம் எல்லாருக்கும் என் நாயின் தட்டைப் பார்க்கும்போதுதான் வருகிறது. நான் வளர்க்கிறேன் என்று வாங்கி வந்த உயிர். அவனால் கடைக்குப் போய் மூட்டையைத் திருப்பிப் படிக்க முடியாது. நான்தான் படிக்க வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஏப்ரல் 5, சனி

காது கொஞ்சம் பரவாயில்லை, மருந்தின் புண்ணியம். தோல் அப்படியே. வயிறு மறுபடி சிவந்து, நேற்று பாதத்தில் ரத்தம் வரும்வரை கடித்திருக்கிறான். மருத்துவர் கேட்டார்: "வேற ஏதாவது வாயில போகுதா?"

சத்தியமே செய்தேன் — என் வீட்டில் யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

அப்படியானால் ஏன்? மீனும் ஒத்துக்கொள்ளவில்லையா? நான் தேடித் தேடி வாங்கியதும் வீணா? இன்னும் நான்கு வாரம்தான். கொழுந்தனார் போன் போட்டு "அண்ணி, நாய் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டில் இன்று ரகளை. என் வாயால்தான்.

பகல் முழுக்க வீட்டில் இருப்பது அத்தை ஒருவர்தான். முழங்கால் வலி, வாசற்படி தாண்டுவதில்லை. நாயைப் பிடிக்காது. போனால் நிம்மதி என்று சொன்னவர். வேறு யாராக இருக்கும்? கேட்டேவிட்டேன். "நீங்க என்ன கொடுக்கறீங்க அதுக்கு? அது குடோனுக்குப் போகணும்னுதானே?"

அத்தை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன் நாயை நான் தொடறதே இல்ல. நான் கெட்டவதான். ஆனா வாயில்லா ஜீவனுக்கு வம்பா எதையும் போடற அளவுக்குக் கெட்டவ இல்ல."

இவர் "ரெண்டு பேரும் விடுங்க" என்றார். யாரும் விடவில்லை. அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்தான். மைனர் மட்டும் சாப்பிட்டான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை!

காலையில் கோபத்தோடு பார்லருக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டினேன், பையை எடுத்தேன், "போய்ட்டு வரேன்டா" என்றேன். பின்னாலிருந்து அத்தையின் குரல்:

"இப்ப கொடுத்தியே, அது என்ன?"

என் கையைப் பார்த்தேன். பிஸ்கட் தூள். மைனர் வாயை நக்கிக்கொண்டு நிற்கிறான்.

குட்டியாக இருந்தபோது யார் வெளியே கிளம்பினாலும் கதவைப் பிறாண்டி அழுவான். அதற்காகச் செருப்பு அலமாரியின் மேல் ஒரு டப்பா வைத்தோம். கிளம்புகிறவர் பாதி பிஸ்கட் கொடுத்து, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான்கு வருஷமாக நடக்கிறது. அது எங்களுக்குச் சாப்பாடே இல்லை. கதவைச் சாத்துவது மாதிரி ஒரு வேலை. நான், இவர், மகள் — வெளியே போகிற ஒவ்வொரு தடவையும். இவர் சிகரெட்டுக்குப் போனாலும் உண்டு. கோதுமையும் பாலும்தான் அந்தப் பிஸ்கட், பின்பக்கத்தைப் படித்தேன் இப்போது. அந்த டப்பாவை மட்டும் நான் திருப்பியே பார்க்கவில்லை.

வீட்டில் அவனுக்கு ஒன்றும் கொடுக்காத ஒரே ஆள் அத்தை. வெளியே போனால்தானே கொடுப்பதற்கு!

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஏன் சொல்லல?" என்றேன், அந்த நிலைமையிலும் திமிராக.

"அதை மட்டும் கொடுக்கலாம்னு டாக்டர் விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். என்னை யாரு கேட்டா? திட்டறதுக்குத்தானே கூப்பிட்டே."

அழுகை வந்துவிட்டது. அத்தை, நான் பேசினது தப்பு என்று ஆரம்பித்தேன். கையை நீட்டி நிறுத்தினார். "நீ மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போயிடுவ. நான் நாளெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டு உக்காரணும். போ, போ. அந்த டப்பாவை இங்க கொடுத்துட்டுப் போ."

ஏப்ரல் 9, புதன்

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: முதலிலிருந்து எட்டு வாரம். அதாவது ஜூன். கொழுந்தனாரோ மே முதல் ஞாயிறு. நான்கு வாரம் குறைகிறது. குறையட்டும்.

அத்தை நாற்காலியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கிளம்புகிறவர்களின் கையை விரித்துக் காட்டச் சொல்கிறார். மகளின் பையையும் இவரின் சட்டைப்பையையும் சோதனை போட்டாகிவிட்டது. விமான நிலையத்தில்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது.

ஏப்ரல் 25, வெள்ளி

பாதத்தை நக்கவில்லை. இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

மே 3, சனி

வயிற்றில் புது முடி, குட்டிக்கு வருகிற மாதிரி மெத்தென்று. முதுகில் விரலை விட்டால் வழுக்குகிறது. கொட்டின இடத்தில் வளர்கிற முடியை எத்தனையோ தலையில் பார்த்திருக்கிறேன். இந்தச் சந்தோஷம் எந்தத் தலையிலும் வரவில்லை.

நாளைக்கு வண்டி வருகிறது. இவரிடம் "என்ன சொல்லப்போறீங்க?" என்றேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம்!

மே 4, ஞாயிறு

வந்தார் கொழுந்தனார், சங்கிலியோடு. மைனரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். "அட, சிங்கம் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்களே அண்ணி! இப்படித்தான் எனக்கு வேணும்."

இதை நான் நினைக்கவே இல்லை. சொறிநாய் என்று தள்ளிவிட நினைத்தார்கள், தேற்றினேன். தேறிவிட்டது என்பதற்காகவே கேட்கிறார்!

"அங்க என்ன சாப்பாடு போடுவீங்க?" என்றேன்.

"வேலை செய்யறவங்க சாப்பிட்டு மிச்சம் மீதி வராதா? நாய்தானே அண்ணி."

"அப்ப தர முடியாது."

"அண்ணன் வாக்குக் கொடுத்தாரு."

"வாக்குக் கொடுத்தவரைக் கூட்டிட்டுப் போங்க. சங்கிலி பத்தும்."

மகள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். கொழுந்தனார் முகம் கறுத்தது. அம்மாவுக்காகவும்தானே கேட்டேன், அம்மாதானே நாற்றம் என்றார் என்று அத்தையைப் பார்த்தார். அத்தை நாற்காலியை விட்டு எழவில்லை. "நாத்தம்னு சொன்னதும் நான்தான். இப்ப இல்லைன்னு சொல்றதும் நான்தான். காபி குடிச்சுட்டுக் கிளம்பு."

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். "இல்லடா. தர முடியாது. வேற பாத்துக்க."

இத்தனை வருஷத்தில் தம்பிக்கு எதிராக இந்தத் தலை ஆடி நான் பார்த்தது இன்றுதான்.

ஜூன் 4, புதன்

எட்டு வாரம் முடிந்தது. மருத்துவர் தட்டிக்கொடுத்தார், மைனரை அல்ல, என்னை. இனி அடுத்த கட்டம்: பழைய சாப்பாட்டைச் சில நாள் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். அரிப்பு திரும்பினால், காரணம் சாப்பாடுதான் என்பது உறுதியாகும். பிறகு கோழியா, பாலா, கோதுமையா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். அத்தை எழுந்தே நின்றுவிட்டார், அந்த முழங்காலோடு.

"எதுக்கு? நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்குச் சோதனை? இப்பதான் நாலு நாளா நிம்மதியாத் தூங்குது. அவங்க வீட்டுல நாய் இருந்தா அதுக்குப் போட்டுப் பாக்கச் சொல்லு."

"டாக்டர் சொல்றாங்க அத்தை. எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"ஒத்துக்கிறது எதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அதையே வாங்கு. என்னைத் தாண்டி எதுவும் அது வாய்க்குப் போகாது."

இந்த மூன்று மாதத்தில் புருஷன், கொழுந்தன், கலர் போட வந்த அம்மா என்று ஒருத்தர் விடாமல் சண்டை போட்டவள் நான். போனை எடுத்தேன்.

மருத்துவருக்குப் போன் செய்து, இப்போதைக்குச் சோதனை வேண்டாம், மீனே தொடரட்டும், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "யாரு ஒத்துக்கலை?" என்று கேட்டார்.

என் மாமியார் என்றேன், பெருமையாகத்தான்.