பட்டன் போனும் அடுத்த புதன்கிழமையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், வீடு நலம், நானும் அடுத்த புதன்கிழமை வரைக்கும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதோடு இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் தொண்டையை அறுத்துவிடுகிறது. அதனால் மார்க்கெட்டில் கணக்குப்பிள்ளை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இன்றைக்கே கூரியரில் போட்டுவிடுவேன்.

நீ அனுப்பிய பட்டன் போன் வந்து சேர்ந்தது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்த பிறகு இதுதானே எனக்கு வாய், இப்போதே ஒரு வாரம் பேசாமல் இதை வைத்துக் காலம் தள்ளிப் பாருங்கள், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாயே, பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். கைக்கு அடக்கமாக இருக்கிறது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டச் போனில் என் தடி விரலால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஓடும், ஈரக் கையென்றால் அது என்னை மனுஷனாகவே மதிக்காது. இதில் பட்டன்கள் மேடு மேடாக விரலுக்குத் தட்டுப்படுகின்றன, அமுக்கினால் டிக்கென்று பதில் வேறு சொல்கிறது. சார்ஜ் போட மறந்தாலும் தாங்குகிறது. தராசிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்து மூலையில் ஒரு கீறலோடு எழுந்துகொண்டது. குறையென்றால் திரை சின்னது, கண்ணாடி போட்டும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பெரிய குறை, அழிக்கிற பட்டனையும் அனுப்புகிற பட்டனையும் ஒட்ட ஒட்ட வைத்திருக்கிறான். இதைச் செய்த மகானுபாவன் எழுதினதை அழிக்க வேண்டுமென்று ஒருநாளும் நினைத்தவன் இல்லை போலிருக்கிறது. அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் மார்க்கெட்டில் வைத்துத்தான் சோதித்தேன். கணக்குப்பிள்ளையிடம், இன்றைக்கு ஏலத்தை நீங்கள் கூறுங்கள், விலையை நான் அடித்து அனுப்புகிறேன், உங்கள் போனைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, ஏலம் கூறுகிறவன் வாயை மூடக்கூடாது. ஒரு தரம் ரெண்டு தரம் என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சத்தம் நின்றால் சரக்கு படிந்துவிட்டது என்று அர்த்தம், கடைசியாகக் கேட்டவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நான் தக்காளிக்கு விலையைத் தேடித் தேடி அடிக்கிறேன், கணக்குப்பிள்ளை போனைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார், அதற்குள் நம் குண்டு வியாபாரி அத்தனை தக்காளியையும் அடிமாட்டு விலைக்கு வண்டியில் ஏற்றிவிட்டான். கேட்டால், நீங்க கம்முனு இருந்தீங்க, படிஞ்சிருச்சுன்னு நெனச்சேண்ணே என்கிறான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. முதலாளி திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், இனிமே எடை போடுற பக்கம் நிழல்ல உட்காருங்கண்ணே என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் கத்திய இடத்தில் நான் நிற்பதே யார் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக் கதை அதைவிட மோசம். நான் பேசாமல் போனில் அடித்தால் அம்மா வாயைத் திறந்துதானே பதில் சொல்ல வேண்டும், அவளுக்கென்ன கேடு. இரண்டாம் நாளிலிருந்து அவளும் அடித்து அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் கேட்டால் வருது என்று ஒரு மெசேஜ். கரண்ட் பில் கட்டியாச்சா என்றால் ம் என்று ஒரு மெசேஜ், ம் கொட்டக்கூடவா மெசேஜ். மாடி வீட்டுத் தையற்கார அம்மா இறங்கி வந்து, மூணு நாளா உங்க சண்டைச் சத்தமே கேக்கலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா சமையலறையில், நான் கூடத்தில். மாத்திரை எங்கே என்று அடிக்கப் போனவன் பயமா இருக்கு என்று அடித்துவிட்டேன். சீ என்று அழிக்கப் போய்ப் பக்கத்துப் பட்டனை அமுக்கிவிட்டேன். உள்ளே அவள் போன் சத்தம் கொடுத்தது, பாத்திரம் உருட்டுவது நின்றது. ஓடி வருவாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. அப்புறம் என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எனக்கும் என்று அனுப்பியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பயம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து போய், வாயைத் திறந்து பேசுடி என்று கத்தினேன், அதுவும் பாதியிலேயே அடைத்துக்கொண்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, நீங்க பேசாதப்போ நான் மட்டும் பேசினா குத்திக்காட்டுற மாதிரி இருக்காதா என்று கேட்டாள்.

டாக்டர் எல்லாம் விளக்கிவிட்டார். எடுக்காவிட்டால் கட்டி மூச்சையே அடைத்துவிடுமாம், எடுத்த பிறகு பயிற்சி செய்தால் ஒரு மாதிரி பேச வருமாம், ஆனால் அது என் குரலாக இருக்காதாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதில் பின்வாங்க மாட்டேன், நீ பதறாதே. ஆனால் உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கத்திக்குக்கூட இவ்வளவு இல்லை. நான் பேசாமல் ஆகிவிட்டால் என்னைச் சுற்றி இருக்கிறவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதை நினைத்தால்தான் உள்ளங்கை வியர்க்கிறது, பட்டன்கூட வழுக்குகிறது.

அதனால் போனைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நல்ல போன்தான். அனுப்புகிற பட்டன் மேல் அம்மா சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள், இனி தப்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதிலிருந்து உனக்குப் போன் போடுவேன். எடுத்தால் புஸ் புஸ்ஸென்று காற்றுதான் கேட்கும். வைத்துவிடாதே, மெசேஜ் போடுங்கப்பா என்று தப்பித்துக்கொள்ளாதே, நீ பாட்டுக்குப் பேசு, ஆபீஸ் கதை சொல்லு, மாப்பிள்ளையைக் குறை சொல்லு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவிடமும் அடித்து அனுப்பாமல் பேசச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் சொன்னால் எடுபடாது. லீவு கிடைக்கவில்லை என்றால் மல்லுக்கட்டி வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. ஈரத் தலையோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

நீயும் மாப்பிள்ளையும் மனசும் உடம்பும் குளிர்ந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆபரேஷனுக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நீயே போன் பண்ணு. பேசுவதற்கு ஒன்றும் இல்லை, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டதும் என்னப்பா என்று கேட்டுவிடாதே. இரண்டு மூன்று தடவை கூப்பிட விடு.

இப்படிக்கு,
உன் அப்பா