பதினாலாம் இலக்கக் கதை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

விழா பனர் இன்னும் அச்சகத்தில் கிடக்கிறது. இலக்கிய விழாவுக்கு 22ஆம் திகதி கலையரங்கு எங்களுக்குத்தான் என்று வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் தர மாட்டார்களாம். துறைத் தலைவர் றஞ்சித் சேர் காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் எட்டிப் பார்த்து, "பிரதீபா, எல்லாம் ஓகேதானே?" என்றார். ஓம் சேர் என்றேன். வேறென்ன சொல்ல?

எழுத்துப் பட்டறைப் பிள்ளைகளின் கதைகளில் பெயரை எடுத்துவிட்டு, இலக்கம் போட்டு நடுவர்கள் மூவருக்கும் அனுப்பியாயிற்று. எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்பது இணைப்பாளரான எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கதையைக்கூட நான் இன்னும் வாசிக்கவில்லை. கதிரைக்கும் மைக்குக்கும் வடைக்கும் ஓடித் திரிகிறவளுக்கு வாசிக்க எங்கே நேரம்?

வீட்டுக்கு வர, என் கணவர் சுதாகரன் குசினி வாசலில் நின்று, "காஸ் முடிஞ்சுது" என்றார். என்னிடம் அல்ல, சுவரிடம். "நாளைக்கு எடுக்கலாம்" என்று நானும் அடுப்பிடம் சொன்னேன். கனடாவுக்கு வரமாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் புழங்குகிற தமிழ் இதுதான்.

பெப்ரவரி 8, வியாழன்

காலையில் கேட்டால் கலையரங்கு இல்லையாம். பின்னேரம் கேட்டால் உண்டாம்.

பெப்ரவரி 12, திங்கள்

நடுவர்களின் முடிவு வந்தது. மூவரும் பதினாலுக்கே முதலிடம் தந்திருக்கிறார்கள். அது தனுசியாவின் கதை. சண்டிலிப்பாய்ப் பிள்ளை, இரண்டாம் வருடம். பட்டறையில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்து எழுதுகிறவள். சந்தோஷமாகத்தான் திறந்தேன்.

ஒரு வீடு. புருசனும் பெண்சாதியும். அவர் கிணற்றுக்குச் சொல்கிறார், "தண்ணி இறைச்சாச்சு." அவள் கோழிகளுக்குச் சொல்கிறாள், "சோறு போட்டாச்சு." அந்த வீட்டில் "நீர்" என்ற சொல்லும் "நீங்கள்" என்ற சொல்லும் செத்துப்போய்க் கனகாலம் என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் பெண்சாதி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

இது எங்கள் வீடேதான். போன மாதம் இந்தப் பிள்ளை மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். பட்டறைப் பயிற்சித் தாள்களைத் தந்துவிட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தவள். அவர் வந்து "கேற் பூட்டேல்லை" எண்டு காத்துக்குச் சொல்லேக்கை அவள் அங்கைதானே இருந்தவள்! என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு என்ரை வீட்டையே எழுதியிருக்கிறாள். அது காணாதெண்டு கையிலை பையையும் தந்து அனுப்பிவிட்டிருக்கிறாள். நான் போவனோ இருப்பனோ எண்டு முடிவு எழுத உவள் ஆர்?

பெப்ரவரி 13, செவ்வாய்

முடிவு என் மின்னஞ்சலுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. நடுவர்கள் ஒருவரும் விழாவுக்கு வரப்போவதில்லை. பதினாலை எடுத்துவிட்டு ஒன்பதைப் போட்டால்? ஒன்பதும் நல்ல கதைதான். ஆருக்குத் தெரியப்போகிறது?

பட்டறையின் முதல் நாள், "உங்களுக்குக் கிட்ட இருக்கிறதை எழுதுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னது நான்தான். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்.

றஞ்சித் சேர் பரிசு பெறுவோரின் பெயர் கேட்டார். நாளைக்குத் தாறன் சேர் என்றேன். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்ததில் பின்னேரம் கால் நோ. சுதாகரனின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவரும்தானே அந்தக் கதைக்குள் இருக்கிறார், பாவம். ஒன்றும் தெரியாமல் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 14, புதன்

தனுசியாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். கோபப்படாமல் கேட்பதென்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்கடை வீட்டுக்கு வந்து பார்த்ததை இப்பிடி எழுதலாமோ? நானும் அவரும் கதைக்கிறேல்லை எண்டு ஊருக்குச் சொல்ல உமக்கு ஆர் உரிமை தந்தது?"

"மிஸ், அது எங்கடை அம்மாவும் அப்பாவும். நான் ஏலெவல் படிக்கேக்கை நடந்தது. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் தந்தனான்."

மேசையில் கிடந்த பதினாலாம் கதையை எடுத்துக் கோப்புக்குள் வைத்தேன்.

பிறகு மெல்லக் கேட்டாள், "உங்கடை வீட்டிலையும் அப்பிடியோ, மிஸ்?"

போம் என்றேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் மிஸ். வேணுமெண்டால் கதையைத் திருப்பித் தாங்கோ" என்றாள்.

அவள் போனதும் றஞ்சித் சேரிடம் பெயரைக் கொடுத்துவிட்டேன். முதலிடம், தனுசியா.

பெப்ரவரி 15, வியாழன்

ஒருவரும் கேட்காமல் நானே என் வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறேன். அதுவும் ஒரு சின்னப் பிள்ளைக்கு!

பெப்ரவரி 22, வியாழன்

விழா முடிந்தது. மைக் இரண்டு தரம் நின்றது. வடை போதாமல் போய், ஓட்டோவில் ஆள் அனுப்பி ரோல்ஸ் எடுத்தோம். தனுசியா கதையை வாசிக்கும்போது மட்டும் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் பின்சுவரோடு நின்று கேட்டேன். இப்போது கேட்க அது வேறு வீடாகத்தான் இருந்தது. புகையிலைத் தோட்டம், கோழிகள். எங்களிடம் ஒரு கோழி கூட இல்லை. எனக்கு அன்றைக்குக் கண் எங்கே போனது?

முடிந்தபின் ஒரு அம்மா ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தா. பச்சைச் சேலை, வெயில் குடித்த முகம். தனுசியாவின் தாய் பாலேஸ்வரி.

"பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கிறாள். ஆனா அரைவாசியிலை விட்டிட்டாள், மிஸ். நான் அக்கா வீட்டை போனனான், உண்மை. மூண்டாம் நாள் திரும்பி வந்தனான் எல்லே! படலையடியிலை நிண்டு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன். கலியாணங் கட்டின நாள் துவக்கம் பேர் சொன்னதில்லை. மனுசன் ஆரோ செத்துப்போச்சினமாக்கும் எண்டு ஓடி வந்திட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, சண்டைதான். வாயாலை நல்ல சண்டை. ஊமையா இருந்ததுக்கு அது எவ்வளவோ மேல். இப்ப கதைக்கிறார் கதைக்கிறார், நிப்பாட்டேலாமக் கிடக்கு."

பக்கத்தில் நின்ற தனுசியா, "அதை எழுதினால் ஒருத்தரும் நம்பமாட்டினம் அம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு?

பெப்ரவரி 25, ஞாயிறு

காலையில் அவர் கிணற்றடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நாலு தரம் போய் நாலு தரமும் திரும்பி வந்தேன். பிறகு போய் முன்னால் நின்றேன்.

"என்னோடை எவ்வளவு காலத்துக்குக் கோபமா இருக்கப் போறியள்?"

வாளி கையிலேயே நின்றது.

"கோபமில்லை" என்றார். "அந்த வேலைக்காக நீர் வரேல்லை எண்டு நான் நம்பேல்லை. என்னோடை வர விருப்பமில்லாமல்தான் வேலையைச் சாட்டுறீர் எண்டு நினைச்சன்."

இதைத்தானா இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் வைத்திருந்தார்!

"உங்களோடை வர எனக்கென்ன? அங்கை வந்து நான் என்ன செய்யிறது? இஞ்சை அந்தப் பிள்ளையள் எழுதுதுகள். அதை விட்டிட்டு வரேலாமக் கிடக்குது. அவ்வளவுதான்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

சண்டை வந்தது. நல்ல சண்டை. மத்தியானம் சமைக்கவே இல்லை. கடையில் சோற்றுப் பார்சல் எடுத்து வந்து, மிச்சச் சண்டையைச் சாப்பிட்டபடியே பிடித்தோம். ஒன்றும் தீரவில்லை. அவருக்கு இன்னும் போக விருப்பம், எனக்கு இன்னும் இருக்க விருப்பம். ஆறு மாதம் கனடாவில் தன் அக்காவிடம் போய் நின்று பார்க்கப் போவதாகச் சொன்னார். போங்கோ என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

மார்ச் 13, புதன்

புதிய பட்டறை தொடங்கியது. எண்ணியதைவிடப் பிள்ளைகள் கூட. கதிரை போதாமல் தனுசியா பக்கத்து வகுப்பிலிருந்து இழுத்து வந்தாள்.

விசா அலுவலாக அவர் நேற்றே கொழும்புக்குப் போய்விட்டார். மத்தியானம் போன் எடுத்தார். வகுப்பு நடக்குது என்றேன். "சரி, முடிச்சிட்டு எடும்" என்றார்.

முடித்துவிட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று எடுத்தேன். கைரேகை கொடுத்தாயிற்றாம், கொழும்பில் சரியான வெக்கையாம். பிறகு, பிள்ளையள் இண்டைக்கு என்ன எழுதினவை என்று கேட்டார். மானிப்பாய் பஸ் வந்து நின்றது. நான் ஏறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.