அளவு ரவிக்கையும் நான்கு சக்கரங்களும்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.
15.9.2003

அன்பு மகள் ராமசெல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மகிழினியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா முட்டிவலியைத் தவிர மற்றபடி சுகம், நம் காரும் சுகம். கார் சுகம் என்று எந்த அம்மாவாவது எழுதுவாளா என்று நீ சிரிப்பாய், சிரி, முழுக்கப் படித்துவிட்டுச் சிரி. போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் போனில் நீ சாப்பிட்டாயா நான் சாப்பிட்டேனா என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது, இது அப்படிச் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை. அதனால்தான் தீபாவளி ரவிக்கைத் துணிகள் மிஷின் பக்கத்தில் மூட்டையாகக் கிடக்கும்போது நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தெருவில் பாதிப் பெண்கள் என் மேல் கோபமாக இருக்கிறார்கள், இருக்கட்டும், யாருக்கும் தீபாவளிக்கு முன்னால் தைத்துக் கொடுக்காமல் விட்டதில்லை.

போன தடவை நீ வந்தபோது நாங்கள் வாடகைக்குப் பேசியிருந்த கார் வராமல் போய், நீ கைக்குழந்தையோடு மீனம்பாக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாசலில் சொந்தமாக ஒரு மாருதி கார் நிற்கிறது, ஓட்டுகிற உன் அப்பாவிடம் டாக்டர் இனிமேல் கிளட்சை மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை நீ வரும்போது நானே அழைத்துவர வேண்டும் என்றுதான் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவையும் இழுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன், இரண்டு பேரும் லைசென்ஸ் வாங்கினோம், அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, லைசென்ஸ் வந்த பிறகும் உன் அப்பா சாவியைக் கையில் தரவில்லை என்பது. இன்றைக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி அதிகம் என்பார், நாளைக்கு மழை வரும் என்பார், இந்த வருஷம் மழை எங்கே வந்தது. ஓடாத காரைத் தினமும் காலையில் குளிப்பாட்டுவது மட்டும் நிற்கவில்லை. மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிற ஊரில் காருக்கு ஏது நல்ல தண்ணீர், நம் வீட்டு போர் தண்ணீரில்தான் குளிப்பாட்டல். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நான் சமைக்கவே எடுப்பதில்லை, அவர் அதை வாளி வாளியாகச் சக்கரத்தில் ஊற்றித் தேய்த்திருக்கிறார், அவ்வளவு பாசம்.

விளைவு என்னவென்றால், ஒரு நாள் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ராயபுரத்து மெக்கானிக் வால்டரைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் குனிந்து, டயரைத் தாங்குகிற இரும்பு ரிம்மை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார், துரு வறுக்கி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. நான்கையும் தட்டினார், நான்கும் அதே கதைதான். டயரும் என்ஜினும் நன்றாகத்தான் இருக்கின்றன, ரிம் மட்டும் மாற்றினால் போதும் என்று அவர் சொன்னார். ஆனால் உன் அப்பாவுக்கு வேறு யோசனை. சாத்தாங்காட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற அருள்பிரகாசத்துக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, "ஓட்டதுக்கு ஆளில்ல, நிக்கதுக்குக் காலும் இல்ல, இனிமே எதுக்குட்டி அந்த வண்டி" என்றார். ஓட்டுவதற்கு ஆள் இல்லையாமே. எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு ரவிக்கையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கார் நான்கு சக்கரத்தில் உருண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உருளட்டும், அப்போது பார்க்கலாம் என்றார், உருளாது என்ற தைரியத்தில்.

மறுநாளே ரஹீமுன்னிசாவும் நானும் புதுப்பேட்டைக்குக் கிளம்பினோம். பழைய கார்களைப் பிரித்துப் போட்டு விற்கிற தெருக்கள், இரண்டு பக்கமும் கதவும் கண்ணாடியும் சக்கரமுமாகத் தொங்கும், உன் அப்பாவோடு ஒரு தடவை போயிருக்கிறேன். கையில் ஒரு சக்கரத்தை மாதிரிக்கு எடுத்துப் போங்கள் என்று வால்டர் சொல்லியிருந்தார். என்னிடம் துணி கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் அதுதானே, வாயால் அளவு சொல்லாதே, நன்றாகப் பொருந்துகிற ரவிக்கை ஒன்றைக் கொண்டு வா என்று. சாய்ந்து நிற்கிற காரிலிருந்து சக்கரம் கழற்ற யாரால் முடியும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதே, துருப்பிடிக்காமல் புதுசாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டோம். ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு மாமியார் மாதிரி உட்கார்ந்து வந்தது.

அங்கே நான் செய்த அட்டகாசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போனேன். கடை கடையாக எங்கள் ஸ்டெப்னியைத் தரையில் படுக்கவைத்து, மேலே அவர்கள் ரிம்மை வைத்து, ஓட்டைக்கு ஓட்டை சேருகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன், சுற்றளவு எடுத்தேன், குறுக்கே எடுத்தேன். கடைசியில் ஒரு கடையில் அச்சு அசலாக நான்கு ரிம் கிடைத்தன, துருவே இல்லை. கடைக்காரர், "இன்னா வண்டிம்மா உன்னுது, அத்த சொல்லு மொதல்ல" என்று இரண்டு தடவை கேட்டார். அளவு கையிலேயே இருக்கும்போது பேர் எதற்கு, ஆள் யார் என்று கேட்டா நான் ரவிக்கை தைக்கிறேன் என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தேன். ரஹீமுன்னிசா வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால்டர் வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினார். நல்லவேளை, டயரை மாட்டுவதற்கு முன்னால் வெறும் ரிம்மை வைத்துப் பார்த்தார். நான்கு போல்ட்டில் இரண்டு உள்ளே போனது, இரண்டு போகவில்லை. திருப்பி வைத்தார், மறுபடி இரண்டுதான். தெருவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வால்டர் எழுந்து போய் ஸ்டெப்னியையும் வைத்துப் பார்த்தார், அதுவும் ஏறவில்லை. அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, இது இந்த வண்டி ஸ்டெப்னியே கெடயாது, வேற வண்டிதுக்கா. வித்தவன் எதோ ஒன்ன வச்சுத் தள்ளிக்கிறான்" என்றார். பழசாக வாங்கிய காரில் இத்தனை வருஷம் அந்த ஸ்டெப்னியை நாம் வெளியே எடுத்ததே இல்லை, ராமசெல்வி. உன் அப்பா அதன் மேல் நம் கடைக்கு அரிசி மூட்டை அடுக்குவார், பஞ்சர் ஆனபோதெல்லாம் பக்கத்திலேயே பஞ்சர் கடை இருந்தது. நாத்தனார் ரவிக்கையை அளவுக்குக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பிறகு பொருந்தவில்லை என்று என்னிடமே சண்டை பிடிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலையை நானே செய்திருக்கிறேன். உன் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை அருள்பிரகாசம் வந்துருவான், கேட்டியா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, பாவம் என்கிற மாதிரிதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். நீ இந்தத் தடவையும் பெட்டிகளுக்கு நடுவே உட்காரப்போகிறாய் என்று நினைத்து அழுதேன்.

சனிக்கிழமை காலையில் முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் கிளம்பினேன். இந்தத் தடவை காரிலிருந்து கழற்றிய அதே துருப்பிடித்த சக்கரம், காரின் ஆர்.சி. புத்தகம், வால்டர் சொல்லி அனுப்பிய புத்திமதி எல்லாம் கூட வந்தன. ஓட்டை சேர்ந்தால் மட்டும் போதாது, நடு ஓட்டை அச்சில் சரியாக உட்கார வேண்டும், ரிம்மின் குழிவும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும் என்று அவர் சொல்லியிருந்தார். மார்பு சரியாக இருந்தும் கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கிற ரவிக்கைதான், எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அப்பவே கேட்டேனேம்மா, நீதான் கிளாஸ் எடுத்த" என்றார். எடுத்தேன் அய்யா, இப்போது நீங்கள் எடுங்கள் என்றேன். நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். நம் கார் மாதிரியே ஒன்றின் முன்பாதி அவர் கடைப் பின்னால் கிடந்தது, அதில் ஒவ்வொரு ரிம்மையும் மாட்டி, இடமும் வலமும் திருப்பி, கையால் சுற்றிவிட்டுக் கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்று சுற்றும்போது நெளிந்தது, அதை வேண்டாம் என்றேன், வேறு தேடி எடுத்து வந்தார். நான் தரையில் படுத்துப் பார்ப்பதை வேடிக்கை பார்க்கிறவர்களிடம் ரஹீமுன்னிசா, "எங்க அக்கா அப்டித்தான், உடாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருள்பிரகாசம் லாரியும் கயிறுமாக வந்து நின்றபோது வால்டர் கடைசிச் சக்கரத்தின் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் துளி ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தது, எனக்குப் பல் தெரிகிற சிரிப்பு, அடக்க முடியவில்லை. உன் அப்பா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சக்கரம் சரி, ஆனால் நான் ஆளை வரச் சொல்லிவிட்டேனே, வாக்குக் கொடுத்தாயிற்றே என்று இழுத்தார். எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பலாம், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வழியில் ஒரு தடவை நீங்கள் பயந்து கத்தினாலும் நானே சாவியை அருள்பிரகாசத்திடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அருள்பிரகாசம்தான், "போய்ட்டு வாங்கண்ணாச்சி, நான் டீ சாப்ட்டுக்கினு கீறேன்" என்று அவரை முன் சீட்டில் ஏற்றிவிட்டார்.

ராமசெல்வி, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், ஒவ்வொன்றும் நம் வீட்டை விட உயரம், நடுவில் நம் சின்னக் கார். முதலில் உன் அப்பா தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் தேடிக்கொண்டே வந்தார், ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. எர்ணாவூர் பாலம் ஏறி இறங்கினேன், கத்தவில்லை. காத்திவாக்கம் வந்தது, அவரிடமிருந்து பேச்சில்லை. கோபமோ என்று பயந்து, எதிரே வண்டி இல்லாத இடமாகப் பார்த்து அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். கை கதவுப் பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸில் ராத்திரி முழுக்க டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிற மனிதர், ரயிலில்கூட உட்கார்ந்தபடியே விழித்திருக்கிறவர், என் பக்கத்தில் வாய் திறந்து தூங்குகிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வண்டி ஓட்டும்போது அழக்கூடாது என்று ஸ்கூலில் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். எண்ணூரில் திருப்பினேன், நம் தெரு வந்தும் நிறுத்த மனம் வரவில்லை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற கூட்டத்துக்குள் ஆரன் அடித்துக்கொண்டே புகுந்து ராயபுரம் வரை போய்த் திரும்பி வந்தேன், அதற்கும் அவர் அசையவில்லை.

வாசலில் நிறுத்தியதும் அருள்பிரகாசம் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். "எழுப்பாதக்கா. வண்டிய விக்கிறவன் மூஞ்சியா இது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். லாரி சத்தத்தில்தான் உன் அப்பா கண் விழித்தார். எண்ணூர் வந்துட்டா என்று என்னைக் கேட்டார்.

ஆகையால் மகளே, மாப்பிள்ளையின் தம்பியை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று மட்டும் உடனே எழுது, எந்த நேரமானாலும் சரி, நான் வெளியே நிற்பேன். பின் சீட்டில் மகிழினியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், "உங்கம்மா பிரேக்க சவட்டுதா" என்று, அதாவது நான் ஓங்கி மிதிக்கிறேனாம், எழுதச் சொல்கிறார் உன் அப்பா. தூங்கினவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், காரைத் துடைக்கப் போய்விட்டார், இந்தத் தடவை ஈரத்துணி மட்டும்தான், போர் தண்ணீர் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகிழினியின் தோள் அளவும் பாவாடை உயரமும் எடுத்து அனுப்பு, குழந்தையை நிற்கவைத்து நீயே எடு, பழைய சட்டையை வைத்து எடுக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், வழித்துணையாகத் தெய்வம் கூட வர வேண்டும்.

உன்னை அழைத்துவர வண்டியோடு காத்திருக்கும்
உன் அம்மா,
வெ. தங்கபுஷ்பம்