மாமன் கடைப் புடவையும் நான் கொளுத்தாத நூலும்

விருத்தாசலம்
2.3.2008

அன்புள்ள மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் இங்க உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், அங்க கனடாவுல நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பாரதியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு கோயில்ல நிக்கிறப்பல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு வரேன். இன்னும் பனி கொட்டுதுன்னு சொன்னியே, குழந்தைக்கு காதை மூடாம வெளிய தூக்காத, அவளுக்கு உன்னை மாதிரியே சட்டுனு சளி புடிக்குது. மாசி மகம் முடிஞ்சு ஊரு இப்பதான் ஓஞ்சிருக்குது, வூடு கொள்ளாத சனம், நல்லூர்லேர்ந்து உங்கப்பா வழி ஆளுங்க எல்லாரும் வந்துட்டுப் போனாங்க. ஆத்துல கால் நனையிற அளவுக்குத்தான் தண்ணி, அதுலயும் குளிச்சேன்னு பேரு பண்ணிட்டு வந்தாங்க. உங்கப்பா பீங்கான் கம்பெனிக்கு இன்னமும் போயிட்டுதான் இருக்காரு, அடிக்கடி கரண்டு போறதால சூளை வேலை பாதியில நிக்குதாம், வூட்டுக்கு வந்ததும் அந்தக் கோவத்தை எம்மேல காட்டுறாரு. போதும் ஓய்வா இருங்கன்னா கேக்குற ஆளா அவரு. அடுத்த தெரு கனகா பொண்ணுக்கு வேப்பூர்ல மாப்பிள்ளை அமைஞ்சிருக்குது, உன்னை விசாரிச்சா.

இதெல்லாம் போன்லயே சொல்லிக்கலாம், இதுக்கு எதுக்கு அம்மா கடிதம் எழுதி அதை ஜெயஸ்ரீ நடத்துற பிரவுசிங் சென்டர்ல குடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்புறான்னு நீ இந்நேரம் யோசிச்சிருப்ப. விஷயத்துக்கு வராம இழுத்துக்கிட்டு இருக்கேன் கண்ணு. மூணு தடவை உனக்கு போன் போட்டேன், ஒரு தடவை மாப்பிள்ளை எடுத்தாங்க, சும்மாதான் பண்ணேன்னு வச்சிட்டேன், மத்த ரெண்டு தடவையும் நீயே எடுத்த, உன் குரலைக் கேட்டதும் பாரதியை விசாரிச்சுட்டு வச்சிட்டேன். இந்த வாரத்துக்குள்ள உனக்குத் தெரிஞ்சே ஆகணும், அதனாலதான் எழுதுறேன். உங்கிட்ட புடவை வாங்குன அந்தத் தெலுங்கம்மா சொல்றது நெசம். நீ அனுப்புன அரக்குச் சிவப்புப் புடவை பட்டு இல்ல. அவங்க மேல நீ புகார் குடுத்துடாத. ஏற்கனவே எழுதி வச்சிருந்தா கிழிச்சுப் போட்டுடு, கம்ப்யூட்டர்ல இருந்தா அழிச்சுடு, மீதியை அப்புறம் படி.

நடந்ததை அப்படியே சொல்றேன், நடுவுல நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணாம முழுசா படி. நீ கம்ப்யூட்டர்ல கடை போட்டு விக்கிற நம்ம சரக்கு எல்லாம் திருபுவனத்துலேர்ந்துதான் வருதுன்னு உனக்குத் தெரியும். நூலைக் கொளுத்திப் பாத்து வாங்கும்மான்னு முதல் நாளே நீ சொல்லிக் குடுத்த, பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பல் கையில பொடிஞ்சு போகும், பிளாஸ்டிக் கலந்ததுன்னா உருகி மணி மாதிரி ஆயிடும்னு. நானும் பாத்துதான் வாங்குனேன். ஆனா ஒண்ணு உனக்குத் தெரியாது. அந்த நெசவுக்காரங்க தறியில மிஞ்சின நூலை ஒரு துண்டு குடுப்பாங்க, அதைத்தான் நான் கொளுத்துவேன், ஒரு நாளும் புடவையில கை வச்சதில்ல. தை மாசம் முகூர்த்தத்துக்கு அரக்குச் சிவப்பு கேக்குறாங்கன்னு நீ அவசரப்படுத்துனப்ப அங்க அந்தக் கலரு ஒண்ணு கூட இல்ல, பத்து நாள் ஆகும்னாங்க. எனக்கு முழங்கால் வலி வேற. திட்டக்குடியில உங்க மாமா ராஜமாணிக்கம் புடவைக்கடை போட்டதிலேர்ந்தே அவனுக்கு எம்மேல மனத்தாங்கல், சீமைக்கெல்லாம் புடவை அனுப்புற, கூடப்பொறந்தவன் கடை உன் கண்ணுக்குத் தெரியலையாக்கான்னு எந்த விசேஷத்துல பாத்தாலும் குத்துவான். சரி, அவனுக்கும் ஒரு வியாபாரம் ஆச்சு, நமக்கும் வேலை முடிஞ்சுதுன்னு பஸ் ஏறிப் போனேன்.

வெள்ளிக்கிழமை. கடையில சாமி படத்துக்கு பூ போட்டு விளக்கேத்தி வச்சிருக்கான். உங்க அத்தை ஆதிலட்சுமி காப்பி கலந்து எடுத்துக்கிட்டு வரா. அவன் பாயில உக்காந்து புடவையா உதறிப் போடுறான், சுத்தப் பட்டுக்கா, கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்கிறான். அந்த இடத்துல நான் எப்படிடி நூலை உருவி தீக்குச்சி கிழிக்கிறது. உனக்குக் காது குத்துறப்ப மடியில வச்சுக்கிட்டு உக்காந்தவன், அவன் மூஞ்சிக்கு நேரா நீ போலிச் சரக்கு விக்கிறியான்னு கேக்குற மாதிரி இருக்குமேன்னு கூசிப் போச்சு. அதை விட இன்னொண்ணு இருக்குது, சொன்னா நீ சிரிப்ப. யாரோ ஒரு பொண்ணு கட்டிக்கிட்டு மணையில உக்காரப் போற புடவை, மஞ்சள் வைக்கிறதுக்கு முன்னாடி அதுல நெருப்பு வைக்கிறதான்னு எனக்கு மனசு வரல. தறி நூலுன்னா அது வெறும் நூலு, புடவை அப்படி இல்ல. அரக்குச் சிவப்புல ஒரு கட்டு வாங்கி, வூட்டுக்கு எடுத்துட்டு வந்து சனிக்கிழமை பாத்துக்கலாம்னு நினைச்சேன், சனிக்கிழமையும் பாக்கல. மடிச்சு கட்டி உனக்கு அனுப்பச் சொல்லி தபாலாபீஸ்ல குடுத்துட்டேன்.

அன்னிக்கு சாயந்திரம் நீ போன் பண்ணி நூலைக் கொளுத்திப் பாத்தியாம்மான்னு கேட்ட. பாத்தேன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்ல. முடி கருகுற நாத்தம் குபீர்னு வந்துச்சு, சாம்பல் மாவா போச்சுன்னு நீ கேக்காததையும் சேத்து சொன்னேன். எதுக்கு அவ்வளவு கதை கட்டுனேன்னு இப்ப நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்குது. நீ திருப்பிக் கேட்டுடக் கூடாதுன்னு பயம், வேற என்ன.

போன வியாழக்கிழமை நீ அழுதுக்கிட்டே பேசுனியே, அப்பதான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. அந்தம்மா பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் காலையில கொசுவம் நிக்கிறதுக்காக இஸ்திரி போட்டாங்களாம், துணி பெட்டியில ஒட்டிக்கிட்டு சுருங்கிப் போச்சாம், இது போலிப் பட்டுன்னு படம் புடிச்சு அனுப்பி இருக்காங்களாம், நீ கடை போட்டிருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க உன் கடையை நிறுத்தி வச்சிருக்காங்களாம். நீ என்ன சொன்ன. நல்லா கட்டிக் கிழிச்சுட்டு, சூடு அதிகமா வச்சு தானே பொசுக்கிட்டு, பணத்தைத் திருப்பி வாங்கப் பாக்குறா, ஏமாத்துக்காரின்னு சொன்ன. எங்கம்மா ஒவ்வொரு புடவையும் நூலு எடுத்துக் கொளுத்திப் பாத்துதான் அனுப்புவாங்க, எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க, நீங்கதான் ஏமாத்துக்காரின்னு அவங்களுக்கு பதில் எழுதிட்டேன், அடுத்த வாரம் நானே அவ மேல புகார் குடுக்கப் போறேன்னு சொன்ன. நான் அதையெல்லாம் கேட்டுட்டு, சரிடி, சாப்டியான்னு கேட்டேன். என்னைப் பெத்தவ கேட்டிருந்தா செருப்பால அடிச்சிருப்பா.

போனை வச்சதும் பீரோவைத் திறந்தேன். அந்தக் கட்டுல ஒண்ணு அனுப்பாம மிஞ்சி இருந்துச்சு. முந்தியில ஒரு நூலு உருவி கேஸ் அடுப்புல காட்டுனேன். பக்கெட்டு எரிஞ்சா வருமே அந்த நாத்தம் வூடு பூரா. நுனியில கறுப்பா மணி திரண்டு நின்னுச்சு, நகத்தால நசுக்குறேன், நசுங்கல. ஒருவேளை அந்த நூலு மட்டும் அப்படியோன்னு உடம்புல ஒண்ணு, பார்டர்ல ஒண்ணு உருவிப் பாத்தேன். சரிகைக்குப் பக்கத்துல ஓடுறது மட்டும் பட்டு, மத்ததெல்லாம் நைலானோ என்ன எழவோ. உங்கப்பா கொல்லையிலேர்ந்து என்னடி கருகுதுன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. அவர்கிட்டயும் மறைக்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. எங்க கம்பெனியில சூளையிலேர்ந்து எறக்குற ஒவ்வொரு இன்சுலேட்டரையும் தட்டிப் பாப்போம், விரிசல் இருந்தா ஓசையில தெரிஞ்சுடும், ஒதுக்கிடுவோம், நீ தட்டலங்கிறது கூட எனக்குப் பெருசு இல்ல ராஜாம்பா, தட்டுனேன்னு புள்ளைகிட்ட சொன்ன பாருன்னாரு. அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு எம்பேரைச் சொல்லி கூப்பிடக் கூட இல்ல.

மறுநாளே திட்டக்குடிக்கு ஓடுனேன். தம்பியைப் புடிச்சு நாலு கேள்வி கேட்டு, எல்லாம் அவன் தலையில கட்டிட்டு வந்துடலாம்னு தான் போனேன், உன்கிட்ட மறைக்க மாட்டேன். புடவையை அவன் முன்னாடி போட்டு என்னடா இதுன்னேன். முதல்ல வியாபாரி ஏமாத்திட்டான்னான். அப்புறம் கலப்புன்னு தெரியும்க்கா, இந்தப் பக்கம் யாரு முழுப் பட்டு விலை குடுக்குறா, சீமையில யாரு கொளுத்திப் பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன்னான். எங்கிட்ட சொல்றதுக்கு என்னடான்னு கேட்டேன். நீ கேக்கல, நான் சொல்லலன்னு சொல்லிட்டான். ஆதிலட்சுமி தலை குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. புடவையைச் சுருட்டி எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன். அவன் சொல்லாம விட்டான், நான் உன்கிட்ட கூசாம பொய் சொன்னேன், ரெண்டுல எது பெருசுன்னு பஸ்ஸுல வர வழியெல்லாம் இதே நினைப்பு. அவன்கூட நான் பேச்சை நிறுத்தல, நீயும் நிறுத்தாத, ஆனா அவன் கடைச் சரக்கு இனிமே நமக்கு வேண்டாம்.

உன்னை நினைச்சாதான் எனக்கு ஆறல. பாங்க் வேலையை விட்டுட்டு கைக்குழந்தையோட நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப நீயா தேடிக்கிட்ட பொழப்பு இது. போட்டோ எடுக்குறதுலேர்ந்து பார்சல் கட்டுறது வரைக்கும் குழந்தை தூங்குற நேரமா பாத்து செஞ்ச. புடவை வாங்குனவங்க ஒவ்வொருத்தரும் உன் கடைக்கு மார்க்கா போடுற நட்சத்திரத்தையும் எனக்கு போன்ல படிச்சுக் காட்டுவ. அதுல மண்ணை அள்ளிப் போட்டவ நான். கடை திரும்பத் திறக்குமோ திறக்காதோ எனக்குத் தெரியல, திறக்கலன்னா அதுக்கும் நான்தான் காரணம். அம்மா மேல கோவப்படாதன்னு கேக்க மாட்டேன்.

இப்ப நீ செய்ய வேண்டியதை சொல்றேன், உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்லன்னாலும் சொல்றேன். அந்தம்மாகூட இனி வாதாடாத. புடவையைத் திருப்பி அனுப்புங்க அப்புறம் பாக்கலாம்னு நிபந்தனை போடாத, குடுத்த பணம், தபால் செலவு, ரவிக்கை தச்ச கூலி எல்லாம் திருப்பிக் குடுத்துடு, உங்கப்பா இங்க ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டாரு. வேற நல்ல புடவை அனுப்புறேன்னு ஆசை காட்டாத, அவங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்சு போச்சு, இனி எந்தப் புடவை போய் அந்தக் காலையைத் திருப்பிக் குடுக்கும். ஏமாத்துக்காரின்னு அவங்களை எழுதியிருந்தியே, அதுக்குத் தனியா மன்னிப்பு கேளு. அப்புறம் இன்னொண்ணு. அதே கட்டுல போன மத்தப் புடவைங்களை வாங்குனவங்க இருக்காங்க. அதுல ஒருத்தர் உன் கடையைப் புகழ்ந்து எழுதுனாங்கன்னு நீயே சொன்ன. தெரியாம சந்தோஷமா கட்டிக்கிட்டிருக்காங்க, விட்டுடலாம்னு உனக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. அவங்க இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுக்குற வரைக்கும்தான் அந்த சந்தோஷம். அவங்களுக்கும் நீயா எழுது, கேக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத.

இந்தக் கடிதத்தை ஜெயஸ்ரீ ஸ்கேன் பண்றப்ப படிப்பா, படிக்கட்டும். மாப்பிள்ளைகிட்டயும் காட்டு, அவங்க முன்னாடி எனக்கு மானம் போனா போகட்டும், உனக்குப் போகக் கூடாது. நேரத்துக்கு சாப்பிடு, இந்தக் கவலையில குழந்தை மேல எரிஞ்சு விழாத. விருத்தாம்பிகை அம்மன் துணை இருப்பா, நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நல்லா இருக்கணும், உன் கையால தொடங்குனது திரும்பத் தழைக்கணும். மறந்துடாம ஒண்ணு செய். அந்தம்மாவுக்கு எழுதுறப்ப, தவறு நடந்துடுச்சுன்னு எழுதாத, அது தானா நடக்கல, நான் செஞ்சேன். சரக்கு குடுத்தவங்க ஏமாத்திட்டாங்கன்னு யாரோ எவரோ மாதிரி பொதுவா போட்டு என்னைக் காப்பாத்தப் பாக்காத. எம்பேரை வச்சுதான் நீ அவங்களைப் பொய்க்காரி ஆக்குன. பொய் சொன்னது யாருன்னு பட்டவர்த்தனமா எழுது, அதுக்கு சாட்சியா நான் போடுற கையெழுத்து இதுதான்.

உன் அம்மா,
ராஜாம்பாள்