பக்கத்து மேசையில் செவெரினோ வீட்டு சீஸ்

சிகாகோ

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அம்மா நலமா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

இங்கே நடந்த இத்தாலிய உணவு, ஒயின் திருவிழாவில், நேற்று நான் வேலை பார்க்கும் கடைக்கு லீவு போட்டுவிட்டு, நம் தோட்டத்துச் சிவப்பு ஒயினை விற்க ஒரு மேசையில் நின்றேன். கோபப்படாமல் படியுங்கள். பக்கத்து மேசையைச் செவெரினோ வீட்டு ஆட்டுப்பால் சீஸுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் மகன் லோரிஸ் வந்திருந்தான். அவர்கள் ஆடுகள் நம் திராட்சைக் கொடிகளை மேய்ந்ததிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லையே, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பயப்படாதே ஓர்னெல்லா, ஆட்டை ஊர்லயே கட்டிப்போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான். நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் சிரித்துவிட்டேன்.

மதியம்வரை என் மேசைக்கு யாரும் வரவில்லை. அவன் சீஸை வாயில் போட்ட, இங்கே பல உணவகங்கள் நடத்தும் ஓர் அம்மாள், "ஐயோ, உப்பு! குடிக்க ஏதாவது குடும்மா" என்றார். நம் ஒயினை ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சீஸைக் கேட்டார். பிறகு, "ரெண்டும் சேர்ந்து வந்தா என் உணவகம் எல்லாத்துக்கும் எடுத்துக்கறேன். தனித்தனியா வேண்டாம்" என்றார். லோரிஸ் என்னைப் பார்த்தான். உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன்.

அம்மா உலர்த்திய மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஒருத்திக்குத்தானே சமையல், ஒரு கைப்பிடி போதும்.

சரக்கு ஒன்றாகவே கப்பலேற வேண்டும். நீங்கள் செவெரினோவைத் தேடிப் போக வேண்டாம். லோரிஸ் அவரிடம் போனில் பேசிவிட்டான். ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் அவரே நம் வீட்டுக்கு வருவார். கதவை மட்டும் திறங்கள், அப்பா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஓர்னெல்லா